மூணு வண்டி, பதினேழு பேர், ஒரு மலை: பொதிகை அடிவாரத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பும் முன்...

‘ஆச்சியுடன் மலைக்கு’ என்று எங்கள் குடும்பத்தில் ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. பதினேழு பேர், மூன்று கார். 74 வயது ஆச்சியிலிருந்து மூன்று வயது வாண்டு வரை. இதுவரை வந்த மெசேஜ்களில் பாதி என்ன சாப்பாடு என்பது பற்றி. மீதியில் பாதி, யார் எந்த வண்டி என்பது பற்றி. மலையைப் பற்றி யாருமே பேசவில்லை.

முதலில் ஊட்டி என்றுதான் பேச்சு. மாமா ரூம் வாடகை வரை விசாரித்துவிட்டார். ஆச்சி ஒரே கேள்விதான் கேட்டார்: “கடையத்துக்காரங்க போன மாதிரியா?”

குரூப் அரை நாள் அமைதியாகிவிட்டது.

2023 செப்டம்பர் 30. ஊட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிய சுற்றுலாப் பேருந்து, குன்னூர் - மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் அருகே பள்ளத்தில் கவிழ்ந்தது. 9 பேர் உயிரிழந்தார்கள். அதில் போனவர்கள் கடையத்தையும் அதன் சுற்று ஊர்களையும் சேர்ந்தவர்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து தென்காசிக்குப் போகிற வழியில் இருக்கிற ஊர் அது. எங்களைப் போலவே குடும்பம் குடும்பமாகக் கிளம்பியவர்கள். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அது டிவியில் பார்த்த செய்தி மட்டுமல்ல. இன்றைக்கும் ‘குரூப்பா மலைக்குப் போறோம்’ என்றால் யாராவது ஒருவர் அதைச் சொல்லாமல் இருப்பதில்லை.

அதனால் ஊட்டி போய், பக்கத்து மலை வந்தது. கண்ணைத் திறந்தால் தெரிகிற பொதிகை.

‘எங்க வீட்டுக்குப் போக பெர்மிஷனா?’

தாமிரபரணி பிறக்கும் மலைத்தொடரில் குடும்பத்தோடு காரில் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பாபநாசம் சோதனைச்சாவடி தாண்டி அகஸ்தியர் அருவி, சொரிமுத்தையனார் கோயில், காரையாறு அணை. இன்னொன்று, மணிமுத்தாறு சோதனைச்சாவடி தாண்டி அருவி, அதற்கு மேல் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி.

இரண்டுமே களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன. 1988-ல் தொடங்கிய, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இது. அதாவது நாம் போவது ‘டூரிஸ்ட் ஸ்பாட்’டுக்கு அல்ல, காட்டுக்குள். இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏறிவிட்டால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். கேட் திறக்கும் நேரம், மூடும் நேரம் எல்லாம் வனத்துறை சொல்வதுதான். மழை பெய்தால் மூடுவார்கள். புலிகள் கணக்கெடுப்பு நாட்களிலும் மூடுவார்கள். மாஞ்சோலைக்கு மேலே சொந்த வண்டியில் போக முன்அனுமதி வாங்க வேண்டும். அம்பாசமுத்திரத்தில் உள்ள காப்பகத் துணை இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் லீவே போட வேண்டும். நாம் லீவு போட்டுவிட்டோம் என்பதற்காகக் காடு திறந்திருக்காது.

எல்லோருடைய அடையாள அட்டை நகல், வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும் என்று குரூப்பில் போட்டேன். அப்போதுதான் மதினி எழுதினார்: “எங்க வீட்டுக்குப் போக நான் பெர்மிஷன் வாங்கணுமா?”

மதினி, அதாவது பெரியம்மா மகன் அண்ணனின் மனைவி, ஊத்து எஸ்டேட்டில் பிறந்தவர். தாத்தா காலத்திலிருந்து தேயிலைத் தோட்ட வேலை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் 99 ஆண்டு குத்தகைக்கு எடுத்து, பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் நடத்திவந்த தோட்டம் அது. குத்தகை 2028 பிப்ரவரியில்தான் முடிகிறது. ஆனால், 2024-ல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவிக்கப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மதினியின் அப்பா கீழே அம்பாசமுத்திரத்தில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டார். நாலு தலைமுறை மலையில் இருந்தவருக்கு இப்போது மின்விசிறி இல்லாமல் தூக்கம் வருவதில்லையாம். அதை ஏதோ தப்பு செய்துவிட்டதைப் போலச் சொல்கிறார் மதினி.

மாஞ்சோலை என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பனிமூட்டம், ரீல்ஸ். திருநெல்வேலிக்காரர்களுக்கு 1999 ஜூலை 23-ம் சேர்ந்தே நினைவுக்கு வரும். தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலம், போலீஸ் தடியடி, தாமிரபரணியில் போன 17 உயிர்கள். மதினிக்கு அப்போது ஆறு வயது.

அதனால், ‘எங்கே போகலாம்’ என்ற கேள்விக்கு எங்கள் குரூப்பில் விடை கிடைத்துவிட்டது. மதினி வீட்டைப் பார்த்துவிட்டு வருவது. பிள்ளைகளுக்கு அம்மா படித்த பள்ளிக்கூடத்தைக் காட்டுவது. இனி ‘எப்படி’ என்பதுதான் பாக்கி.

யார் ஓட்டுவது?

குரூப் பயணங்களில் நட்பும் உறவும் உடைகிற இடம் இதுதான். மூன்று காருக்கு மூன்று டிரைவர் வேண்டும். மாமா இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறார். ஆனால், வண்ணாரப்பேட்டை மேம்பாலத்தைத் தாண்டிய மேடு எதிலும் ஏறியதில்லை. சித்தப்பா மகன் லைசென்ஸ் எடுத்து எட்டு மாதம், தைரியத்துக்குக் குறைவில்லை. அத்தான் மட்டும்தான் மினி லாரியில் செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்கு வாரம் இரண்டு தடவை லோடு ஏற்றிப் போய் வருகிறவர்.

“ஏல, நான் ஓட்டுவேன்லா” என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான். அத்தான் சண்டை போடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அவனைக் கூட்டிக்கொண்டு புளியரைப் பக்கம் போனார். அங்கே உள்ள எஸ் வளைவில் எதிரே கனரக லாரி வரும்போது என்ன செய்வது என்று பேசித் தெரியாது, பார்த்தால்தான் தெரியும். திரும்பி வந்த தம்பி குரூப்பில் ஒரே வரி போட்டான்: “நான் பாட்டு செலக்ட் பண்றேன்.”

மூன்றாவது டிரைவருக்கு, அத்தானின் நண்பர் ஒருவரை ஒரு நாள் சம்பளத்துக்குப் பேசியிருக்கிறோம். இந்தப் பணம்தான் மொத்தப் பயணத்திலேயே உருப்படியான செலவு என்று நினைக்கிறேன். ஹோட்டலில் ஒரு வேளை குறைத்துக்கொள்ளலாம், இதில் குறைக்கக் கூடாது.

அத்தான் ஓட்டுகிறவர்களுக்குச் சொன்ன பாடத்தை அப்படியே தருகிறேன். ஏறும்போது எந்த கியரில் ஏறினோமோ, இறங்கும்போதும் அதே கியர். நியூட்ரலில் போட்டு டீசல் மிச்சம் பிடிக்கிற வேலையே கூடாது. பிரேக்கிலேயே காலை வைத்து அழுத்திக்கொண்டு இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகல் வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி, ஆறவிட்டுத்தான் எடுக்க வேண்டும். குறுகலான இடத்தில் எதிரெதிரே வண்டி வந்தால், இறங்குகிற வண்டி நின்று ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். இது மரியாதை மட்டுமல்ல, சாலை விதியே அதுதான். கண்ணுக்குத் தெரியாத வளைவில் ஹார்ன். வளைவில் ஓவர்டேக் கிடையவே கிடையாது.

மூன்று கார் சேர்ந்து போகும்போது மெதுவாக ஓட்டுகிறவர் முன்னால், அனுபவம் உள்ளவர் கடைசியில். நாம் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர் எதிர். கெத்தாக ஓட்டுகிறவர் முன்னால் பறப்பார், பின்னால் இருப்பவர் பதறிக்கொண்டு விரட்டுவார். மலைக்கு மேலே பல இடங்களில் செல்போன் சிக்னல் இருக்காது. பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் தெரியவில்லை என்றால் முன்னால் இருப்பவர் நிற்க வேண்டும். எங்கெங்கே நிற்பது என்று கிளம்பும் முன்பே ஒரு காகிதத்தில் எழுதி மூன்று வண்டியிலும் ஒட்டிவிட வேண்டும். காகிதம்தான், வாட்ஸ்அப் அல்ல!

குட்டியானை வேண்டாம், மாமா

செலவைக் குறைக்க மாமா ஒரு யோசனை சொன்னார். “சொரிமுத்தையனார் கோயிலுக்கு அந்தக் காலத்துல லோடு வண்டியிலதானே போனோம். ஒரு குட்டியானை பிடிச்சா எல்லாரும் ஒண்ணா காத்தோட்டமா போவலாம்.”

இந்தப் பக்கத்தில் பலருக்கும் இது இனிமையான நினைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால், சரக்கு வண்டியின் பின்னால் சீட்டும் இல்லை, பெல்ட்டும் இல்லை. வளைவில் வண்டி ஒருபக்கம் சாய்ந்தால் ஆட்கள் மொத்தமாக அந்தப் பக்கம் சரிவார்கள், அந்தப் பாரமே வண்டியைக் கவிழ்த்துவிடும். ஆட்களை ஏற்றவே அனுமதி இல்லாத வண்டி என்பதால் விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸும் சிக்கல்தான்.

அதேபோல், தெரிந்தவரின் சொந்த உபயோக காரை, அதாவது வெள்ளை போர்டு வண்டியை, வாடகைக்குப் பேசி எடுப்பதும். பணம் வாங்கிக்கொண்டு ஓட்டினார் என்று தெரிந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்க வாய்ப்பு உண்டு. வாடகை என்றால் மஞ்சள் போர்டுதான். பெரிய குடும்பம், நம்பிக்கையான டிரைவர் இல்லை என்றால், மலைப்பாதை பழகிய ஓட்டுநருடன் வேன் எடுப்பதே நல்லது. ஆடி அமாவாசைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. சமீப ஆண்டுகளில் அந்த நாட்களில் தனியார் வண்டிகளைக் கீழேயே நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில்தான் அனுப்புகிறார்கள்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. புளியோதரை, துவையல், தயிர்சாதம், எல்லாம் எவர்சில்வர் தூக்கில். சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக்கையும் மதுவையும் தேடிப் பார்ப்பார்கள். குரங்குக்கு எதுவும் கொடுக்கக் கூடாது. ஒரு முறுக்கு கொடுத்தால் அடுத்து வருகிற குழந்தையின் கையிலிருந்து அது பறிக்கும். வாந்தி வருகிறவர்களுக்கு முன் சீட், கையில் உப்பு நார்த்தங்காய். மாத்திரை என்றால் டாக்டரிடம் கேட்டு முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆச்சிக்கு முன் சீட் என்பது குரூப்பில் ஒருமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம். மலைக்கு மேலே பங்க் கிடையாது, அதனால் அம்பையிலேயே டேங்க்கை நிரப்பிவிட வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு பள்ளி மாணவனை அடித்துக்கொண்டு போனது. அருவிக்கரையில் வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை பெய்துகொண்டிருக்கலாம். தண்ணீர் கலங்கினாலோ, இலை தழை வந்தாலோ, சத்தம் மாறினாலோ அடுத்த நிமிடம் கரையில் இருக்க வேண்டும். ஆற்றில் அணை திறந்தாலும் இதேதான். குளிக்கும்போது பெரியவர் ஒருவர் குளிக்காமல் கரையில் நின்று பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் குரூப்பில் அந்த வேலை எனக்கு. பாபநாசத்தில் குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றில் விடும் பழக்கம் யாருக்காவது இருந்தால், தயவுசெய்து பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். காலில் சிக்குவது அந்தத் துணிதான்.

அந்த நாள்

காலாண்டு விடுமுறையில் ஒரு சனிக்கிழமை குறித்திருந்தோம். வியாழக்கிழமை மேலே மழை பிடித்தது. வானிலைச் செய்திகளில் நாலுமுக்கு, ஊத்து என்ற பெயர்களை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். மாநிலத்திலேயே அதிக மழை பதிவாகும் இடங்களில் அவையும் உண்டு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது இந்த மலையிலும் பேய்மழை. அதைப் பார்த்தவர்கள் யாரும் மழை எச்சரிக்கையை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வெள்ளிக்கிழமை மதியம், மலைப்பாதை மூடல், அருவியில் குளிக்கத் தடை என்று தகவல் வந்துவிட்டது.

தம்பிக்குக் கோபம். “கேட்ல பேசிப் பாப்போம்” என்றான். அத்தான் முடியாது என்றார். ‘மாற்றுத் திட்டம்’ என்ற ஒன்றை எழுதி வைத்திருந்தது அன்றைக்குத்தான் உதவியது. பத்தமடையில் பாய் பார்த்து, கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கி, பாபநாசம் கோயிலில் கும்பிட்டுவிட்டு, மணிமுத்தாறு அணைக்கரையில் கட்டுச்சோறு. பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை.

மதினி மட்டும் அணைக்கரையில் தனியாக நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. “அந்தா, அந்த மடிப்புக்கு அந்தப் பக்கம்” என்று மகளுக்குக் கையைக் காட்டினார். மகள், “ஒண்ணும் தெரியலையே” என்றாள். “தெரியாது. இருக்கு” என்றார்.

இனி அடைமழைக்காலம் முடிந்தபின், பொங்கல் கழித்து ஜனவரிக் கடைசியில் மறுபடி அனுமதி கேட்பதாக முடிவு. நேற்று மதினி குரூப்பில் இன்னொரு எண்ணைச் சேர்த்தார். அவருடைய அப்பா. இப்போது நாங்கள் பதினெட்டுப் பேர். “மாமாவுக்கு முன் சீட்” என்று அத்தான் உடனே போட்டுவிட்டார். ஆச்சியிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது, ஏழு விநாடி: “அவுஹ பாதை தெரிஞ்சவஹ. முன்னால இருக்கட்டும். நான் நார்த்தங்காயை வச்சுக்கிட்டு பின்னால இருந்துக்கிடுதேன்.”