புள்ளி வந்தது, வண்டி வரவில்லை

2022 ஆகஸ்ட் மாதம். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு நள்ளிரவு. மணி ஒன்றரை இருக்கும். "என்னங்க, நெஞ்சை என்னமோ அழுத்துது" என்று என் மனைவி என்னை எழுப்பினாள். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். முகமெல்லாம் வியர்வை. மழைக் குளிரில் வியர்வை என்றால் விஷயம் சரியில்லை என்பது எனக்குக்கூடத் தெரிந்தது.

பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போன் செய்தேன். அவன் பதறாமல், "அப்பா, செல்போனில் லொகேஷனை அமுக்கி எனக்கு அனுப்புங்கள், நான் ஆம்புலன்சுக்குச் சொல்கிறேன்" என்றான். படுக்கையறையில் நின்றபடியே அமுக்கினேன். ஐந்தே நிமிடத்தில் வண்டி புறப்பட்டுவிட்டது. அது எங்கே வருகிறது என்பது என் கைக்குள் தெரிந்தது. விஞ்ஞானத்தை மனதார வாழ்த்தினேன்.

வண்டியின் படம் நகர்ந்து நகர்ந்து எங்கள் வீட்டருகே வந்து நின்றது. வாசலுக்கு ஓடினேன். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. டிரைவருக்குப் போன் செய்தால், "சாப், லொகேஷன் பே கடா ஹூன்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. புள்ளி காட்டிய இடத்தில்தான் நின்றார். ஆனால் அது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்! நாங்கள் டோம்பிவிலி கிழக்கு, அவர் நின்றது மேற்கு. நடுவே வேலியும் ரயில் பாதைகளும். காகத்துக்கு ஒரு சிறகடிப்புத் தூரம். வண்டிக்கோ, திரும்பிப் போய்ப் பாலம் ஏறிச் சுற்றிவர வேண்டும்.

மும்பைப் பக்கம் வாழும் நம்மவர்களுக்குக் கிழக்கு, மேற்கு என்பதன் பொருளைச் சொல்லத் தேவையில்லை. இங்கே முகவரியில் கிழக்கு மேற்கு தவறினால் வேறு ஊருக்குப் போனது மாதிரிதான். முப்பத்தெட்டு ஆண்டுகள் தண்டவாளத்தோடு வாழ்ந்த எனக்கே, அதே தண்டவாளம் அன்று குறுக்கே படுத்துக்கொண்டது.

கம்பத்தின் எண்

நான் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா படித்து, 1983-இல் மத்திய ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் சேர்ந்தவன். எங்கள் தொழிலில் இடம் என்பது ஓர் எண். போரிபந்தரில் பூஜ்யம். தாணா 34 கிலோமீட்டர். 1853 ஏப்ரல் 16-இல் இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய தூரம் அதுதான். கல்யாண் சுமார் 54. மின்கம்பி தாங்கும் கம்பம் ஒவ்வொன்றிலும் கிலோமீட்டரும் வரிசை எண்ணும் எழுதியிருக்கும். எங்கே பழுது என்றாலும் "இத்தனையாவது கிலோமீட்டர், இத்தனையாவது கம்பம்" என்று சொன்னால் போதும், கேங் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆகவே, செல்போன் காட்டும் புள்ளியைக் கண்டு நான் வியக்கவில்லை. அது எங்கள் கம்பத்து எண்ணின் பேரப்பிள்ளைதான். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தார். கீமேன் என்போம். தோளில் ஸ்பானரும் சுத்தியலும், கையில் கொடிகளுமாகத் தினமும் தன் பகுதியை நடந்தே பார்ப்பவர். எந்தக் கம்பத்தருகே மழையில் மண் இளகும், எந்தச் சிறுபாலத்தில் குப்பை அடைக்கும் என்பதெல்லாம் அவர் காலுக்குத் தெரியும். எண் சொல்வது புள்ளி. கீமேன் அறிந்தது இடம்.

இந்த வேறுபாடு 2005 ஜூலை 26-இல் எனக்கு நன்றாக உறைத்தது. அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. லோக்கல் வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. செல்போன்கள் பலருக்கு வேலை செய்யவில்லை. குர்லா பக்கம் பணியில் இருந்த நானும் கேங்மேன்களும், வண்டியிலிருந்து இறங்கியவர்களை நடத்திக் கூட்டிப்போனோம். தண்டவாளம் கண்ணுக்குத் தெரியவில்லை, எங்கும் செம்மண் நிறத் தண்ணீர். கம்பத்து எண்கள் மட்டும் தெரிந்தன. "இந்த எண்ணுக்கு அடுத்தாற்போலச் சிறுபாலம், ஓரமாக வராதீர்கள்" என்று ஒரு கிழ கேங்மேன் முன்னால் போய்ச் சொல்லச் சொல்ல, கயிறு பிடித்தாற்போல எல்லாரும் பின்னால் வந்தார்கள். எண்ணும் வேண்டியிருந்தது, அதன் பொருள் தெரிந்த மனிதரும் வேண்டியிருந்தார்.

வரிசையில் நின்ற தமிழகம்

தொழில்நுட்பம் ஊரின் உணர்வை மாற்றுவது இது முதல் முறையன்று. 1906-க்கு முன் ரயில்வேக்குச் சென்னை நேரம்தான் கணக்கு. பம்பாய் நகரத்துக் கடிகாரங்களோ அதற்கு ஏறக்குறைய அரை மணி பின்னால் ஓடின. ஒரே ஊரில் ரயிலடிக்கு ஒரு நேரம், கடைத்தெருவுக்கு ஒரு நேரம்! 1906 ஜனவரி 1 முதல் இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் வந்தது. அதற்குப் பிறகும் பம்பாய்க்காரர்கள் தங்கள் நேரத்தை விடாமல் பல பத்தாண்டுகள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தந்தியும் ரயிலும் நேரத்தை ஊரிலிருந்து பிரித்தன. செல்போன் இப்போது இடத்தையே ஊரிலிருந்து பிரிக்கிறது.

நான் மதராஸ் மெயிலில் வந்து தாதரில் இறங்கியபோது என் சட்டைப் பையில் ஓர் இன்லண்டு கடிதம் இருந்தது. தங்கப்போகும் அறைக்கு வழி எழுதி என் மாமா அனுப்பியது: "ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் இறங்கு. மாவு மில் வரும். அதன் எதிரே மராட்டிக்காரப் பாட்டி பூ விற்பாள். அவளிடம் என் பெயரைச் சொல்." கடைசி வரியைப் பாருங்கள். அந்த வழியின் முடிவில் ஒரு மனிதர் இருந்தார். பாட்டியிடம் மாமா பெயரைச் சொன்னேன். கூடையைப் பக்கத்துக் கடையில் வைத்துவிட்டு, அறை வாசல் வரை கூடவே வந்தாள். ஆறில் தொடங்கிய பின்கோடுக்காரன், நாலில் தொடங்கும் பின்கோடுக்காரனாக அன்று மாறினேன்.

கோடை விடுமுறைக்கு ஊர் போக டிக்கெட் எடுப்பது அந்நாளில் ஒரு திருவிழா. விடிவதற்கு முன்பே வி.டி.யில் வரிசை நிற்கும். செம்பூர், மாதுங்கா, தாராவி, முலுண்டு என்று எல்லாப் பக்கத்துத் தமிழர்களும் அங்கே உண்டு. செங்கல்லையும் பையையும் போட்டு இடம் பிடித்துவிட்டு, பேச்சு தொடங்கும். "நீங்க எந்த ஊரு?" என்பதுதான் முதல் கேள்வி. என் தங்கைக்கு வரன் அமைந்தது அந்த வரிசையில்தான். எனக்கு முன்னால் நின்றவருடைய அக்கா மகன் இன்று என் மைத்துனன்.

1980-களின் பிற்பகுதியில் முன்பதிவுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. 2002-இல் இணையம் வழியே டிக்கெட் வந்தது. இப்போது என் மகன் பெங்களூரில் உட்கார்ந்து எனக்கு நெல்லைக்கு டிக்கெட் எடுக்கிறான். அந்த வரிசை மறுபடி வேண்டுமா என்று கேட்டால், வேண்டவே வேண்டாம். கால் கடுக்க நின்றவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்! கைக்குழந்தையோடு நின்ற பெண்களை நான் மறக்கவில்லை. ஆனால் வரிசையோடு சேர்ந்து இன்னொன்றும் போனது. முன்பின் தெரியாத தமிழரிடம் "எந்த ஊரு?" என்று கேட்க ஒரு காரணம் போயிற்று. எஸ்.டி.டி. பூத்தும் அப்படித்தான். இரவு கட்டணம் குறையும் வரை காத்திருந்தபோது, அடுத்தவர் வீட்டுச் செய்தியும் நம் காதில் விழுந்தது. அவர்களது அழுகைக்கு நாம் தண்ணீர் கொடுத்தோம்.

புள்ளி ஏன் தவறியது?

பிற்பாடு, இன்ஜினியர் புத்தி விடாமல், அன்று என்ன நடந்திருக்கும் என்று யோசித்தேன். செல்போன் தன் இடத்தைக் கணிப்பது, வானில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து வரும் அலைகளை வைத்து. குறைந்தது நான்கு கோள்களின் அலை வேண்டும். ஒவ்வொன்றும் எவ்வளவு நேரத்தில் வந்து சேர்ந்தது என்பதிலிருந்து தூரம் கிடைக்கிறது. தூரங்களிலிருந்து இடம் கிடைக்கிறது. ஆதியில் அமெரிக்கா தன் பாதுகாப்புக்காகப் பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. 2000 மே மாதம் அதை நீக்கிற்று. அதன் பிறகுதான் சாதாரண மனிதனுக்கும் சில மீட்டர் துல்லியம் வாய்த்தது.

ஆனால் அது திறந்த வெளியில். கான்கிரீட் கூரைக்குக் கீழே அலை மெலிகிறது. எதிர்க் கட்டடச் சுவரில் மோதித் திரும்பி வருவதால் தூரம் கூடுதலாகத் தெரிகிறது. புள்ளி பல பத்து மீட்டர் நகர்ந்துவிடலாம். வயல்வெளியில் அந்தப் பிழை ஒரு பொருட்டல்ல. ரயில் வேலியை ஒட்டிய வீட்டில் அது கிழக்கை மேற்காக்கிவிடும். படுக்கையறையில் நின்று அமுக்கிய தவறு என்னுடையது. அந்தக் கருவிக்கு மீட்டர் தெரியும், வேலி தெரியாது.

இஸ்திரிக்காரர்

இனி, அந்த இரவுக்கு வருகிறேன். வாசலில் நான் போனில் கத்திக்கொண்டிருந்த சத்தம் கேட்டு, படிக்கட்டின் கீழே உள்ள இஸ்திரிக் கடையில் படுத்திருந்தவர் எழுந்து வந்தார். உத்தரப் பிரதேசத்துக்காரர், நம்மைப் போலவே பிழைக்க வந்தவர். "க்யா ஹுவா, பாபூஜி?" என்றார். சொன்னேன். அடுத்த கேள்வி கேட்கவில்லை. எதிர்ச் சாலில் குடியிருந்த ஆட்டோக்காரரின் கதவைத் தட்டி, மூன்றே நிமிடத்தில் ஆட்டோவோடு வந்தார். மூன்றாம் மாடியிலிருந்து என் மனைவியை நாற்காலியில் உட்கார வைத்து இருவருமாகத் தூக்கி வந்தார்கள். "அம்மாஜிக்குச் சர்க்கரையும் இருக்கிறது, டாக்டரிடம் சொல்லுங்கள்" என்று அவர் எனக்கு நினைவூட்டினார்! எந்த ஆஸ்பத்திரியில் அந்த நேரத்தில் டாக்டர் இருப்பார், எந்தத் தெருவில் தண்ணீர் தேங்கியிருக்கும் என்பதெல்லாம் ஆட்டோக்காரருக்கு மனப்பாடம்.

மாரடைப்புத்தான். நேரத்தோடு கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். என் மனைவி இன்று நலமாக இருக்கிறாள். இதை எழுதும்போது அடுக்களையிலிருந்து, "காப்பி ஆறுது" என்று குரல் கொடுக்கிறாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இஸ்திரிக்காரருக்கு நன்றி சொல்ல வாயெடுத்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. 2010-இல் அந்த வீட்டுக்குக் குடிவந்த நாள்முதல் பன்னிரண்டு வருடமாக என் சட்டைகளைத் தேய்த்துத் தருபவர். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவரோ எங்கள் வீட்டு நோயையும் அறிந்திருந்தார். வெட்கத்தை விட்டு அன்று பெயரைக் கேட்டேன். இங்கே அச்சிட்டால் கூச்சப்படுவார் என்பதால் எழுதவில்லை.

நாம் செய்யக்கூடியது

அன்பர்களே, செல்போனைத் தூக்கி எறியச் சொல்ல நான் வரவில்லை. புது ஊரில் இரவு இறங்கும் நம் பெண்பிள்ளைகளுக்கு அது எத்தனை துணை! மராட்டியோ இந்தியோ தெரியாமல் வந்து இறங்குகிறவன், இன்று எவரிடமும் ஏமாறாமல் வீடு சேர்கிறான். 1983-இல் எனக்கு அது கிடைக்கவில்லை. 2025-இல் அஞ்சல் துறை டிஜிபின் என்ற புது முறையைக் கொண்டுவந்தது. நாடு முழுவதையும் ஏறக்குறைய நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு. 1972-இல் வந்த ஆறு இலக்கப் பின்கோடு தபால் நிலையம் வரைதான் வழி காட்டியது. இது வாசல் வரை காட்டும். நல்லதுதான்.

ஆயினும் நான் செய்தவற்றைச் சொல்கிறேன். பயன்படுமானால் நீங்களும் செய்யுங்கள். ஒரு பகல் நேரத்தில், வாயில் கேட்டருகே திறந்த வெளியில் நின்று, எங்கள் கட்டடத்தின் புள்ளி சரியான பக்கம் விழுகிறதா என்று பார்த்தேன். சரிபார்த்ததைச் சேமித்து மகனுக்கும் அனுப்பினேன். கிழக்கா மேற்கா, அருகில் என்ன அடையாளம் என்பதை இந்தியிலும் மராட்டியிலும் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டினேன். பதறும்போது வாய் குழறும், காகிதம் குழறாது. அதே தாளில் வாட்ச்மேன், இஸ்திரிக்காரர், ஆட்டோக்காரர் மூவருடைய பெயரும் போன் எண்ணும் எழுதினேன்.

கடைசியாக ஒன்று. விடுமுறைக்கு வந்த பேரனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். திரும்பும்போது, "செல்போன் என் பையில் இருக்கட்டும். இப்போது நீதான் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும்" என்றேன். முதல் திருப்பத்திலேயே விழித்தான். இடது பக்கம் போய்த் திரும்பி வந்தோம். பிறகு ஒரு வடாபாவ் கடைக்காரரிடம் தானே வழி கேட்டான். பத்து நிமிட வழிக்கு அரை மணி ஆயிற்று. எனினும் வீட்டுப் படிக்கட்டை அடைந்ததும், கரிப்பெட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "தாத்தா, இவங்க பேரு என்ன?" என்று கேட்டான்.

இம்முறை எனக்குப் பதில் தெரிந்திருந்தது.