வேலையில் மகிழ்ச்சி: தாயில்பட்டி கேட்கும் கேள்வி

பணியிட மகிழ்ச்சி இன்று ஒரு தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. பெருநகர அலுவலகங்களில் அதற்கெனப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. ஊழியர்களின் மனநிலையை அளக்க வினாத்தாள்கள் வழங்கப்படுகின்றன. அங்கே சொல்லப்படும் அறிவுரையின் சாரம் பெரும்பாலும் ஒன்றுதான்: மனப்பாங்கை மாற்றிக்கொண்டால் எந்த வேலையும் இனிக்கும். இந்த அறிவுரை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைச் சோதித்துப் பார்க்கத் தகுந்த இடம், விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டாரத்தில் உள்ள தாயில்பட்டி. பட்டாசுதான் அந்த ஊருக்கும் அதைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களுக்கும் சோறு போடுகிறது. அங்கே வேலை என்பது மருந்தோடும் திரியோடும் பழகுவது.

வானம் பார்த்த பூமியான இப்பகுதியில், கைத்தொழிலே வாழ்வாதாரமாக மாறிய கதை நூறாண்டுப் பழைமை கொண்டது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கொல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அதிலிருந்து பட்டாசும் அச்சுத் தொழிலும் கிளைத்தன. இந்தியா வெடிக்கும் பட்டாசுகளில் பெரும்பங்கு இன்று இந்த மாவட்டத்திலிருந்தே செல்கிறது. அதற்கும் முந்தைய கைத்திறனின் தடயங்களை வெம்பக்கோட்டை மண்ணே காட்டுகிறது. 2022இல் விஜயகரிசல்குளத்தில் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்களும் மணிகளும் ஆயிரக்கணக்கான தொல்பொருள்களோடு கிடைத்தன. நுண்ணிய கைவேலை இப்பகுதிக்குப் புதிதல்ல.

எனவே, 'இந்தத் தொழிலாளர்களுக்கு வேலையில் மகிழ்ச்சி இருக்க முடியுமா?' என்று இரக்கத்தோடு கேட்பது அவர்களை அறியாமல் கேட்பதாகும். இருக்கிறது. குழல் சுற்றுவதிலும் திரி வைப்பதிலும் விரல்கள் அடையும் வேகம் ஒரு பெருமிதம். ஒரே மரத்தடியில் அமர்ந்து உண்ணும் தோழியர் கூட்டம் ஒரு நிறைவு. வாரக் கூலியை எண்ணி வாங்கி, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைக் கணவனை எதிர்பாராமல் கட்டுவது இன்னொரு நிறைவு. ஆலைகளில் பணிபுரிவோரில் பெண்களே மிகுதி என்பதால், இந்த மூன்றாவது நிறைவு எளிதாக ஒதுக்கத்தக்கதன்று.

அறிஞர்கள் ஆய்ந்து சொன்னதும் இதற்கு அருகிலேயே இருக்கிறது. மனிதனின் உள்ளார்ந்த ஊக்கத்துக்கு மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்பது அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் ஆகியோர் வகுத்த கோட்பாடு. 'எனக்கு இதில் திறன் உண்டு' என்ற உணர்வு, 'என்னைச் சேர்ந்தவர்கள் உடன் இருக்கிறார்கள்' என்ற உணர்வு, 'என் செயல் என் கட்டுப்பாட்டில் இருக்கிறது' என்ற உணர்வு ஆகியவையே அம்மூன்றும். முதல் இரண்டும் பட்டாசு ஆலையில் தாராளமாகக் கிடைக்கின்றன. மூன்றாவதுதான் கிடைப்பதில்லை. தாயில்பட்டி கேட்கும் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

பட்டாசுத் தொழிலில் பெரும்பாலான வேலைகளுக்கு உருப்படிக் கணக்கில்தான் கூலி. எத்தனை குழல், எத்தனை திரி என்ற எண்ணிக்கையே அன்றைய வருமானம். வெளிப்பார்வைக்கு இது முழுச் சுதந்திரம்போலத் தோன்றும். விரும்பினால் கூடுதலாகச் செய்யலாம், விரும்பாவிட்டால் குறைத்துக்கொள்ளலாம். ஆனால், வீட்டுச் செலவும் திருப்பித் தர வேண்டிய முன்பணமும் சேர்ந்து எண்ணிக்கையை நிர்ணயித்துவிடுகின்றன. அதன்பின் வேகத்தின் கடிவாளம் தொழிலாளியின் கையில் இல்லை. உருப்படிக் கூலி பெறுவோர் அளவுமீறி உழைத்துச் சில ஆண்டுகளிலேயே உடலைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று பொருளியலின் முன்னோடியான ஆடம் ஸ்மித் 1776இலேயே எழுதியிருக்கிறார். அவர் கண்டவை சாதாரணத் தொழில்கள். மருந்து கையாளும் தொழிலில் வேகத்தின் விலை இன்னும் கொடியது.

காரணம், வெடிமருந்தின் இயல்பிலேயே இருக்கிறது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் போன்றவை தனித்தனியே இருக்கும்போது ஓரளவு அடங்கியிருக்கும். கலந்த பின் உராய்வுக்கும் அடிக்கும் நிலைமின்சாரத்துக்கும் எளிதில் இரையாகும். அதனால்தான் கலவை அறையில் இரும்புக் கருவிகள் கூடாது, பருத்தி ஆடையே வேண்டும், வெயில் ஏறுமுன் மருந்து வேலையை முடிக்க வேண்டும், கலந்த மருந்தை மறுநாளுக்கு மீதம் வைக்கக் கூடாது என்றெல்லாம் விதிகள் உள்ளன. அறைக்கு நான்கு பேர் என்ற வரம்பும், அறைகளுக்கு நடுவே இடைவெளியும் ஒருவரின் பிழை எல்லோரையும் எரித்துவிடக் கூடாது என்பதற்காகவே. இந்த விதிகள் ஒவ்வொன்றும் தொழிலாளியிடம் கேட்பது ஒன்றுதான்: நிதானம். உருப்படிக் கூலியோ அவரிடம் கேட்பது வேகம். ஒரே கையிடம் இரண்டு கட்டளைகள் இடப்படும்போது, கூலி தருகிற கட்டளையே வெல்லும்.

தீபாவளி நெருங்கும்போது இந்த முரண் உச்சத்தை அடைகிறது. உரிமம் பெற்றவர் ஒருவராகவும், அறைகளை உள்குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் வேறொருவராகவும் இருக்கும் ஆலைகளில் நிலைமை இன்னும் மோசம். குத்தகைக் காலத்துக்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும் என்பதால் அறையில் ஆள் கூடுகிறது. அளவுக்கு மேல் மருந்து சேர்கிறது. மரத்தடியிலும் வேலை நடக்கிறது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம், 2024 பிப்ரவரியில் இராமுதேவன்பட்டி, 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி என்று பட்டியல் நீண்டுகொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் ஆய்வு, உரிம ரத்து, நிவாரணம், கைது ஆகியவை நிகழ்கின்றன. கூலி முறை மட்டும் அப்படியே தொடர்கிறது.

தாயில்பட்டியின் பெயர் செய்திகளில் அடிக்கடி வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீடுகளில் அனுமதியின்றிப் பட்டாசு தயாரிப்பது இவ்வட்டாரத்தில் நெடுநாள் சிக்கல். 2021 ஜூனில் இவ்வூரின் வீடொன்றில் நிகழ்ந்த வெடிவிபத்து உயிர்களைப் பறித்தது. அதன் பின்னரும் சோதனைகள், பறிமுதல்கள், வழக்குகள் ஓயவில்லை. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் ஏன் செய்கிறார்கள் என்ற கேள்விக்கு 'பேராசை' என்றோ 'அறியாமை' என்றோ விடை சொல்லிவிடுவது வழக்கம்.

மேலே கண்ட மூன்று தேவைகளை வைத்துப் பார்த்தால் வேறொரு விடை புலப்படும். வீட்டில் செய்யும்போது நேரம் தொழிலாளியின் கையில் இருக்கிறது. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உட்காரலாம். முதியவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுத் தொடரலாம். கண்டிக்க ஃபோர்மேன் இல்லை. ஆலை தர மறுத்த கட்டுப்பாட்டு உணர்வை வீடு தருகிறது. இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை விதித்த பின், சரம் பின்னிப் பழகிய கைகளுக்கு உரிமம் பெற்ற ஆலைகளில் இடம் இல்லாமல் போயிற்று. தீர்ப்பு காற்றைக் காக்க வந்தது. அந்த நோக்கத்தில் குறை காண இயலாது. ஆனால், தேர்ந்த திறன் ஒன்று ஒரே நாளில் பயனற்றுப் போகும்போது, அத்திறனுடையவர்களுக்கு மாற்றுப் பயிற்சி தரப்படாவிட்டால், அது மறைவிடம் தேடும். சட்டத்தை மீறுவதை இது நியாயப்படுத்தாது. ஆனால், சோதனைகளால் மட்டும் இதை நிறுத்த முடியாதது ஏன் என்பதை இது விளக்குகிறது.

அப்படியானால், உயிருக்கு ஊறின்றி அந்தக் கட்டுப்பாட்டு உணர்வை ஆலைக்குள்ளேயே தர இயலுமா? இயலும் என்பதற்கு உலகத் தொழில் வரலாற்றில் சான்றுகள் உள்ளன. 1987இல் அமெரிக்காவின் அல்கோவா அலுமினிய நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்ற பால் ஓ'நீல், முதலீட்டாளர்களின் முதல் கூட்டத்தில் லாபத்தைப் பற்றிப் பேசாமல், தொழிலாளர் பாதுகாப்பே தம் முதல் இலக்கு என்றார். முதலீட்டாளர்கள் சிலர் திகைத்தனர். ஆனால், ஒவ்வொரு காயமும் உடனுக்குடன் தலைமைக்குத் தெரிவிக்கப்பட வேண்டும், மீண்டும் நிகழாதிருக்கத் திட்டத்தோடு வர வேண்டும் என்ற கட்டளை, கடைநிலைத் தொழிலாளியின் சொல்லுக்கு மேலிடம்வரை மதிப்பைப் பெற்றுத் தந்தது. பாதுகாப்புக்காகப் பேசத் தொடங்கியவர்கள், உற்பத்தியை மேம்படுத்தும் யோசனைகளையும் பேசத் தொடங்கினர். அவர் பொறுப்பிலிருந்த காலத்தில் காயங்கள் பெருமளவு குறைந்தன. லாபம் பல மடங்கு உயர்ந்தது.

ஜப்பானின் டொயோட்டா ஆலைகளில் பின்பற்றப்படும் முறையும் இத்தகையதே. குறையொன்றைக் கண்டால், எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து மேற்பார்வையாளரை அழைக்கலாம்; உடனே தீராவிட்டால் உற்பத்தி வரிசையே நின்றுவிடும். கயிற்றை இழுத்தவர் தண்டிக்கப்படுவதில்லை. வேலையை நிறுத்தும் உரிமை கொடுத்தால் தொழிலாளி சோம்பிவிடுவார் என்ற அச்சத்தை அந்த அனுபவம் பொய்யாக்கியது.

நம் சட்டமும் இந்தத் திசையைச் சுட்டாமல் இல்லை. போபால் பேரழிவுக்குப் பின், 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-எச் என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான ஐயம் கொள்ளும் தொழிலாளி, அதை நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவரலாம் என்றும், நிர்வாகம் உடனே சரிசெய்ய வேண்டும் என்றும் அது கூறியது. 2022 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, பாதுகாப்பான பணிச்சூழலை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால், உருப்படிக் கூலிக்காரர் 'ஆபத்து' என்று கையை எடுத்த நொடியில் அவருடைய வருமானமும் நின்றுவிடும் என்றால், அந்த உரிமை தாளில் மட்டுமே வாழும். நிறுத்துகிறவருக்கு நட்டம் வராதபோதுதான் நிறுத்தும் உரிமை உண்மையாகிறது.

இதிலிருந்து சில நடைமுறைகள் தெளிவாகப் பிறக்கின்றன. முதலாவது, மருந்து கலத்தல், அடைத்தல் போன்ற ஆபத்தான வேலைகளுக்கு உருப்படிக் கூலியை ஒழித்து, நாள்கூலி அல்லது மாதச் சம்பளம் தர வேண்டும். காகித வேலைக்கும் பெட்டி அடுக்கும் வேலைக்கும் வேண்டுமானால் உருப்படிக் கணக்கு இருக்கட்டும். இரண்டாவது, கடும் வெப்பத்தாலோ இடி மின்னலாலோ மருந்து சரியில்லாததாலோ வேலை நிறுத்தப்பட்டால், அந்த நேரத்துக்கும் கூலி உண்டு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது, அனுபவமிக்க தொழிலாளிக்குத் தரச்சான்றும் அதற்கேற்ற ஊதிய உயர்வும் வேண்டும். இருபதாண்டுகள் மருந்தோடு பழகியவரும் நேற்று வந்தவரும் ஒரே கணக்கில் எண்ணப்படும் இடத்தில், திறனுக்குப் பெருமை எங்கிருந்து வரும்? நான்காவது, வீடுகளில் முடங்கியிருக்கும் பெண்கள், குழந்தைக் காப்பகத்தோடு கூடிய பாதுகாப்பான பொதுக் கூடங்களில், மருந்து தொடாத வேலைகளைத் தமக்கு வசதியான நேரத்தில் செய்ய வழி வேண்டும்.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. முதலாவது, தொழிலாளர்களே உருப்படிக் கூலியைத்தான் விரும்புகிறார்கள் என்பது. உண்மைதான். விரைவாக முடித்து வீடு திரும்பலாம், கூடுதலாகச் சம்பாதிக்கலாம் என்பதால் விரும்புகிறார்கள். அந்த விருப்பத்தின் அடியில் இருப்பது குறைவான நாள்கூலி. நாள்கூலி அந்த வருமானத்துக்கு இணையாக வந்தால், உயிரைப் பணயம் வைக்கும் முறையை விரும்பித் தேர்ந்தெடுப்பவர் எத்தனை பேர்? இரண்டாவது, சிறு ஆலைகளுக்குச் செலவு கூடும் என்பது. கூடும். ஆனால், ஒரு விபத்தால் ஆலையே இல்லாமல் போவதும், நட்ட ஈடும், வழக்கும், பிள்ளைகளை இத்தொழிலுக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவதால் வரும் ஆள் தட்டுப்பாடும் செலவுக் கணக்கில் சேராதவை அல்ல. இடைப்பட்ட விலையேற்றத்தைப் பட்டாசு வாங்குவோரும் பகிர்ந்துகொள்ளலாம். குழந்தைத் தொழிலாளர் இல்லாமல் இத்தொழில் நடக்காது என்றும் ஒரு காலத்தில் சொல்லப்பட்டது. 1986ஆம் ஆண்டுச் சட்டமும், சிவகாசி குறித்து உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பும் வந்த பிறகும் தொழில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அலுவலகங்களில் பணியாற்றும் வாசகருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. காலக்கெடுவும் இலக்கும் துரத்தும் பணியிடங்களில் சோர்வு மிகுவதற்கு, மனப்பாங்குக் குறைபாட்டைவிட, 'இப்போது வேண்டாம், இது சரியல்ல' என்று சொல்ல இயலாமையே பெரும்பாலும் காரணம். வேறுபாடு ஒன்றுதான்: அங்கே விலை மன உளைச்சல், இங்கே உயிர்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். மாலையில் வீடு திரும்புவோம் என்ற உறுதியே பணியிட மகிழ்ச்சிக்குச் சுவர். திறன், தோழமை, வருமானம் என்ற வண்ணங்கள் தாயில்பட்டித் தொழிலாளர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அவர்களுக்கு ஊக்க உரைகள் தேவையில்லை. ஆபத்தை உணர்ந்த நொடியில் கையை எடுத்துவிட்டு, அன்றைய கூலியை இழக்காமல் எழுந்து வெளியே வரும் உரிமையே தேவை. அடுத்த தீபாவளிப் பருவத்துக்கான வேலை தொடங்கும் முன்பே அரசும் ஆலை உரிமையாளர்களும் தொழிற்சங்கங்களும் அமர்ந்து பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.