பாம்பன் நீவாட்டில் தூண்டில் நிற்குமா?

கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் குளத்துல மண்புழுவைக் கோத்துப் போட்டுட்டு, தக்கையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்தா போதும். அதே தூண்டிலைப் பாம்பன் கால்வாய்ல போட்டா அடுத்த நிமிஷம் படகுக்குப் பின்னால மிதக்கும். ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. ரெண்டுலயும் நீர்மட்டம் சமமா இல்லாதப்போ தண்ணி அந்தக் குறுகலான வழியில ஆறு மாதிரி பாயும். வடகிழக்குப் பருவத்தில் பெரும்பாலும் தெற்கே, தென்மேற்குப் பருவத்தில் வடக்கே. அதோட ஏற்றவற்றமும் சேரும். கடலோரத்தில் இந்த ஓட்டத்தை 'நீவாடு' என்பார்கள்.

ஈயக்குண்டைப் பெருசாக்கினா சரியாயிடும்னுதான் முதல்ல தோணும். கணக்குப் போட்டுப் பாருங்க. 0.5 மி.மீ. நரம்பு 20 மீட்டர் நீளத்துக்கு ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்குதுன்னு வச்சுக்கோங்க. நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் அதன் மேல் விழும் இழுவிசை சுமார் 140 கிராம் எடைக்குச் சமம். வேகம் இரட்டிப்பானா விசை நாலு மடங்கு, கிட்டத்தட்ட 570 கிராம்! (நரம்பு சாய்ந்து நிற்பதால் உண்மையில் கொஞ்சம் குறையும்.) ஆக, குண்டை இழுத்துட்டுப் போறது பெரும்பாலும் நரம்புதான். விட்டத்தைப் பாதியாக்கினா இழுவையும் பாதி. மெல்லிசான, உறுதியான பின்னல் நரம்பு இங்கேதான் ஜெயிக்குது.

அடுத்தது இரை. சாளையையோ கணவாயையோ சதுரமா வெட்டினா அது ஓட்டத்தில் பம்பரம் மாதிரி சுத்தும்; நரம்பு முறுக்கிக்கும், மீனும் மிரளும். ஒரு முனை கூம்பும்படி நீளவாக்கில், தோலோடு வெட்டணும். கூம்பின முனையில், தோல் வழியா முள்ளை ஒரே ஒரு தடவை குத்தணும். வால் பக்கம் சும்மா அலையட்டும். முந்தின நாளே உப்புத் தூவி வச்சா சதை இறுகி, முள்ளில் நல்லா நிற்கும். வாசம் நீவாட்டோடதான் போகும், மீன் அதை எதிர்த்து மோப்பம் பிடிச்சு வரும். அதனால பாறைக்கு மேல்நீரில் நங்கூரம் போட்டு, இரையை அதை நோக்கி விடணும்.

குண்டை மட்டும் மெயின் நரம்பைவிட வலு குறைஞ்ச நரம்பில் கட்டுங்க. பாறையில் சிக்கினா ஈயம் மட்டும்தான் போகும், மீனும் முள்ளும் மிஞ்சும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றம் வலுக்கும், அஷ்டமி வாக்கில் தணியும். ஓட்டம் திசை மாறும் அந்தக் கொஞ்ச நேரத்தில் சின்னக் குண்டே போதும்.

எப்பவும் நரம்பை விரல்ல சுத்திக்காதீங்க. பெரிய பாறை மீன் ஒண்ணு நீவாட்டோட இழுத்தா, மெல்லிசான நரம்பு சதையை அறுத்துடும்.