கடனின் விலை

நுழையும்முன்

ஒரு பொருளை வாங்குமுன் அதன் விலையைக் கேட்பது நம் வழக்கம். கடன் வாங்கும்போது மட்டும், "எவ்வளவு கிடைக்கும்? மாதம் எவ்வளவு கட்டவேண்டும்?" என்னும் இரண்டு வினாக்களோடு பலர் நின்றுவிடுகின்றனர். கடனுக்கும் விலை உண்டு, அவ்விலையே வட்டி. அதைப் படித்தறியும் முறையை விளக்குவது இக்கட்டுரை.

கல்லில் எழுதிய வட்டி

தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் கடன் பற்றிய செய்திகள் பல உள்ளன. முதலாம் இராசராசன் காலத்தில், கோயிலுக்குக் கொடையாக வந்த காசை ஊர்ச்சபைகளுக்கு வட்டிக்குக் கொடுத்தனர். முதல் அப்படியே இருக்கும். ஆண்டுதோறும் வரும் வட்டியைக் கொண்டு வழிபாட்டுச் செலவுகள் நடைபெறும். அவ்வட்டியைக் கல்வெட்டுகள் 'பொலிசை' என்று குறிக்கின்றன. பொலிதல் என்றால் பெருகுதல். 'வட்டி' என்னும் சொல்லோ சங்க இலக்கியத்தில் நெல்லும் மீனும் இட்டுச் செல்லும் பெட்டியைக் குறித்தது. இன்று நாம் வழங்கும் பொருள் பிற்காலத்தது.

ஒரு காசுக்கு ஓர் ஆண்டில் அரைக்கால் காசு பொலிசை என்பது அக்கல்வெட்டுகளில் காணப்படும் ஒரு வீதம். அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு. இன்றைய கணக்கில் ஆண்டுக்கு 12.5 விழுக்காடு. எவ்வளவு முதலுக்கு, எவ்வளவு காலத்திற்கு, எவ்வளவு வட்டி என்னும் மூன்றும் ஊரார் அனைவரும் காணுமாறு கல்லில் பொறிக்கப்பட்டிருந்தன. இம்மூன்றில் ஒன்று மறைந்தாலும் கடனின் விலை தெரியாது. பெரும்பாலும் மறைக்கப்படுவது காலமே.

இரண்டு வட்டியும் பன்னிரண்டு விழுக்காடும்

நம் ஊர்களில் "நூற்றுக்கு இரண்டு வட்டி" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்பது அதன் பொருள். அதாவது ஆண்டுக்கு 24 விழுக்காடு. வங்கியோ ஆண்டுக்கணக்கில் 12 விழுக்காடு என்று எழுதுகிறது. பன்னிரண்டும் இரண்டும் அடுத்தடுத்துச் செவியில் விழும்போது இரண்டே சிறியதாகத் தோன்றும். உண்மையில் அது இருமடங்கு. "பத்து வட்டி" என்றால் ஆண்டுக்கு 120 விழுக்காடு. ஓராண்டில் வாங்கிய முதலையும் தாண்டி வட்டியே கட்ட நேரும்.

நாள்தோறும் வசூலிக்கும் தண்டலில் இக்கணக்கு இன்னும் ஆழமாகப் புதைந்திருக்கும். 10,000 ரூபாய் என்று பேசி, 1,000 ரூபாயை முன்னரே பிடித்துக்கொண்டு 9,000 ரூபாயைக் கையில் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாளில் அடைக்கவேண்டும். பத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் அந்த 9,000 ரூபாய் நூறு நாளும் கடனாளியிடம் இருக்கவில்லை. முதல் நாள் தொடங்கியே குறைந்துகொண்டு வந்தது. சராசரியாகப் பார்த்தால் அவர் பயன்படுத்தியது அதில் ஏறத்தாழப் பாதித்தொகையைத்தான். அதுவும் மூன்று திங்களுக்குச் சற்றே கூடுதலான காலத்திற்கு. ஆண்டுக்கணக்கில் மாற்றினால் இவ்வட்டி 70 விழுக்காட்டைத் தாண்டும்.

மிகை வட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு தனிச்சட்டம் இயற்றப்பட்டது. எனினும் தண்டல் மறையவில்லை. அதை நாடுவோர் அறியாமை உடையவர் என்று எண்ணிவிடுவது தவறு. விடியுமுன் சந்தைக்குச் சென்று காய்கறி எடுக்கவேண்டிய ஒருவருக்கு அன்றைய இரவே பணம் தேவை. வங்கி கேட்கும் வருமானச் சான்று அவரிடம் இல்லை. வங்கி செல்லாத இடத்திற்குத் தண்டல்காரர் சென்றார் என்பதே உண்மை.

வங்கி கொடுப்பது யாருடைய பணம்?

1906இல் சென்னையில் ஆர்பத்நாட் என்னும் ஆங்கிலேய வணிக நிறுவனம் வீழ்ந்தது. அதை நம்பிச் சேமிப்பை ஒப்படைத்த குடும்பங்கள் பல நிலைகுலைந்தன. அந்த வீழ்ச்சியின் விளைவாக, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது. வங்கி பிறருக்குக் கடனாகத் தருவது பெரும்பாலும் மக்களின் வைப்புத்தொகையையே என்பதை இவ்வரலாறு நினைவூட்டுகிறது. ஓய்வுபெற்ற ஒருவரின் வைப்புக்கு 7 விழுக்காடு வட்டி தந்து, அதே பணத்தை வேறொருவருக்கு 10 விழுக்காட்டில் தருகிறது என்று கொள்வோம். இடைப்பட்ட 3 விழுக்காட்டில்தான் ஊழியர் ஊதியம், கிளையின் வாடகை, திரும்பிவராத கடனின் இழப்பு, இலாபம் ஆகிய அனைத்தும் அடங்கவேண்டும். இன்று ஒரு வங்கியில் ஒருவர் வைத்திருக்கும் தொகையில் 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. வங்கி கடன் கொடுக்குமுன் பல கேள்விகள் கேட்பதற்கும் இதுவே காரணம்.

1969 சூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆயின. 1980இல் மேலும் ஆறு சேர்ந்தன. சிற்றூர்களுக்கும் கிளைகள் பரவின. ஆயினும் அக்காலத்துக் கடன் பெரிதும் உழவுக்கும் தொழிலுக்கும் உரியதாகவே இருந்தது. வீடு, வாகனம், வீட்டுப்பொருள் ஆகியவற்றுக்காகத் தனிமனிதருக்குக் கடன் தருவது 1991ஆம் ஆண்டின் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பின்னரே விரைந்து வளர்ந்தது. வங்கிக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஓர் ஆலைக்குக் கொடுத்த நூறு கோடி மூழ்கினால் மொத்தமாக மூழ்கும். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்த அதே தொகை ஒரே நாளில் மூழ்காது. ஆனால் ஈடில்லாத தனிநபர் கடன் அளவுமீறிப் பெருகினால் அதுவும் இடராகும். இதை உணர்ந்தே இந்திய ரிசர்வ் வங்கி 2023 நவம்பரில், இத்தகைய கடன்களுக்காக வங்கிகள் ஒதுக்கவேண்டிய மூலதனத்தை உயர்த்தியது.

குறையும் நிலுவை

வட்டிக் கணக்கில் நாம் அறியவேண்டிய முதன்மையான வேறுபாடு ஒன்று உள்ளது. ஓர் இலட்சம் ரூபாய், 12 விழுக்காடு, ஓராண்டு, மாதத் தவணை என்று கொள்வோம். வங்கி முறையில் வட்டி, அவ்வப்போது எஞ்சியிருக்கும் நிலுவைக்கு மட்டுமே. முதல் மாத வட்டி 1,000 ரூபாய். தவணை 8,885 ரூபாய். ஆகவே 7,885 ரூபாய் முதலில் கழியும், எஞ்சுவது 92,115. அடுத்த மாத வட்டி அத்தொகைக்குரிய 921 ரூபாய்தான். இவ்வாறு பன்னிரண்டு மாதத்தில் கட்டும் மொத்த வட்டி ஏறத்தாழ 6,600 ரூபாய்.

சில விற்பனையிடங்களில் இதே 12 விழுக்காட்டை 'ஃபிளாட் ரேட்' என்று கூறுவர். அம்முறையில் முதல் குறைந்தாலும் வட்டி குறையாது. தொடக்கத்தில் வாங்கிய முழுத்தொகைக்கும் ஆண்டு முழுவதும் வட்டி போடப்படும். மொத்த வட்டி 12,000 ரூபாய்; தவணை 9,333 ரூபாய். தவணையில் உள்ள வேறுபாடு 448 ரூபாய்தான் என்பதால் கண்ணுக்குப் படாது. ஆனால் நிலுவை முறைக்கு மாற்றிக் கணக்கிட்டால் இக்கடனின் வட்டி ஏறக்குறைய 21.5 விழுக்காடு. இதைக் கரும்பலகையில் எழுதிக்காட்டும்போது, "அப்படியானால் இரண்டு இடத்திலும் 12 என்று எப்படிச் சொல்லலாம்?" என்று மாணவர் கேட்பர். நியாயமான கேள்வி.

அக்கேள்விக்கு விடையாக ஒரு விதி இப்போது வந்துள்ளது. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்க்குத் தரும் தவணைக் கடன் ஒவ்வொன்றுக்கும் 'முக்கிய விவர அறிக்கை' ஒன்றைக் கடன் தருவோர் வழங்கவேண்டும். வட்டி, செயல்முறைக் கட்டணம், காப்பீடு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு என்னும் ஒரே எண்ணை அதில் தெரிவிக்கவேண்டும். அதில் குறிப்பிடாத கட்டணத்தைக் கடனாளியின் வெளிப்படையான ஒப்புதலின்றி வாங்க இயலாது. கடனாளிக்குப் புரியும் மொழியில் அது இருக்கவேண்டும் என்பதும் விதி. தமிழில் கேட்பது சலுகையன்று, உரிமை.

நீண்டகாலக் கடனில் நிலுவைக் கணக்கு வேறொரு முகத்தைக் காட்டும். 20 இலட்சம் ரூபாய் வீட்டுக்கடன், 9 விழுக்காடு, 20 ஆண்டு எனில் தவணை சுமார் 17,995 ரூபாய். முதல் மாதம் அதில் 15,000 ரூபாய் வட்டிக்கே போகும். முதலில் கழிவது 2,995 மட்டுமே. முதலில் பாதி அடைபடுவதற்குள் பதினான்கு ஆண்டுகள் ஓடிவிடும். மொத்த வட்டி 23 இலட்சத்தைத் தாண்டும். எனவே தொடக்க ஆண்டுகளில் சிறுதொகையைக் கூடுதலாகச் செலுத்தினாலும் பின்னாளில் பெரும் வட்டி மிச்சமாகும். மாறும் வட்டியில் தனிநபர் பெற்ற வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைத்தால், அதற்காகத் தண்டத்தொகை வாங்கக்கூடாது.

கையொப்பத்தின் எடை

கடன் கேட்டு வருபவரின் பழைய வரலாற்றை வங்கி, கடன் தகவல் நிறுவனங்களிடம் கேட்டறியும். 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'சிபில்' அவற்றுள் மூத்தது. 300 முதல் 900 வரை தரப்படும் மதிப்பெண்ணில் 900ஐ நெருங்குவது நல்லது. தவணை தவறினால் மதிப்பெண் குறையும். ஆண்டுக்கு ஒருமுறை தம் அறிக்கையை எவரும் கட்டணமின்றிப் பெறலாம்.

கைப்பேசிச் செயலியில் சில நிமிடங்களில் பெறும் சிறுகடனும் இவ்வரலாற்றில் சேரக்கூடும். நண்பருக்காக இடும் பிணைக் கையொப்பமும் அவ்வாறே. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டாலன்றிப் பிணையாளரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்கு ஒப்பானது. "பெயருக்குத்தான் ஒரு கையெழுத்து" என்று கேட்பவர் இதைச் சொல்வதில்லை.

உங்கள் முதற்கடன்

உங்களில் பலர் வாங்கப்போகும் முதற்கடன் கல்விக்கடனாக இருக்கும். பெற்றோர் இணைக்கடனாளியாகச் சேர்வர். வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 7.5 இலட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. படிப்புக்காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்டவேண்டியதில்லை. ஆனால் அக்காலத்தில் வட்டி உறங்குவதில்லை. ஆண்டுக்கு 75,000 ரூபாய் வீதம் நான்காண்டில் 3 இலட்சம் ரூபாயை 10 விழுக்காட்டு வட்டியில் பெறுவதாகக் கொள்வோம். முதலாண்டுத் தொகைக்கு ஐந்தாண்டு வட்டி, அடுத்ததற்கு நான்காண்டு, பின்னர் மூன்று, இரண்டு என்று தனிவட்டி சேரும். தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் 1,05,000 ரூபாய். அன்று அடைக்கவேண்டிய கடன் 4,05,000 ரூபாய்.

இந்த எண்ணைக் கண்டு படிப்பைக் கைவிடவேண்டியதில்லை. படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவர முடிந்த குடும்பத்திற்குக் கடன் 3 இலட்சத்தைத் தாண்டாது; முதலாண்டில் அவ்வட்டி மாதம் 625 ரூபாய்தான். குறைந்த வருமானம் உள்ள குடும்பங்களுக்கு இக்கால வட்டியை அரசே ஏற்கும் மானியத் திட்டங்களும் உள்ளன. அவற்றுக்கு உங்கள் கல்லூரியும் படிப்பும் தகுதி பெறுமா என்பதைச் சேர்க்கைக்கு முன்னரே வங்கியில் கேட்டறிதல் வேண்டும். வங்கி கடன் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வங்கியின் சேவைக் குறைபாடு குறித்து எழுத்தில் புகார் அளித்து 30 நாளில் விடை வரவில்லை எனில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அம்முறையீட்டையும் தமிழிலேயே எழுதலாம்.