நம்ம கடற்கரைத் துணி... ஜப்பான்ல இருக்கு, இங்க ஏன் இல்ல?

பிச்சாவரம் போனா என்ன பண்ணுவோம்? படகு, சுரபுன்னைக் காடு, நாலு செல்ஃபி, ஒரு ரீல். அடுத்த தடவை கொஞ்சம் வடக்கே, வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டைக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க. இன்று அமைதியான ஊர். 17-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என வரிசைகட்டி வந்த துறைமுகம். 1690-ல் ஆங்கிலேயர்கள் பக்கத்துக் கடலூரில், தேவனாம்பட்டினம் கோட்டையையே விலைக்கு வாங்கினார்கள். இவ்வளவு பேரையும் இந்தச் சோழமண்டலக் கடற்கரைக்கு இழுத்த முக்கியமான சரக்கு, பருத்தித் துணி!

அப்படி என்ன ஸ்பெஷல்? துவைச்சாலும் போகாத சாயம். ரகசியம் மணலில் இருந்தது. கடலோர மணற்பாங்கில் வளரும் இம்பூரல் என்ற சின்னச் செடியின் வேர்தான் 'சாயவேர்'. முதலில் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் ஊறவைப்பார்கள். இரும்பையும் வெல்லத்தையும் நீரில் புளிக்கவைத்து, அதைத் தொட்டு மூங்கில் எழுதுகோலால் கோடு போட்டால், கடுக்காயோடு சேர்ந்து கறுப்பாகிவிடும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம் தடவி, துணியைச் சாயவேரோடு கொதிக்க வைப்பார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும்தான் சிவப்பு பிடிக்கும். நீலத்துக்கு அவுரி. அதுக்கு, நீலம் வேண்டாத இடத்தையெல்லாம் மெழுகு பூசி மறைக்கணும். பக்கா கெமிஸ்ட்ரி பாஸ்!

ஐரோப்பா இதில் மயங்கியது, பயந்தும் போனது. உள்ளூர் நெசவைக் காப்பாற்ற பிரான்ஸ் 1686-லேயே தடை போட்டது. லண்டனில் 1719-ல், இந்தப் பருத்தித் துணி உடுத்திய பெண்களை நெசவாளர்கள் தெருவில் மடக்கித் தாக்கினார்கள். 1721-ல் அங்கே அதை உடுத்தவே தடை. 1742-ல் கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், நம் சாயக்காரர்களிடம் கேட்டறிந்த செய்முறையைக் கடிதமாகவே எழுதி அனுப்பிவிட்டார். இன்றைய பாஷையில் சொன்னா, ஃபார்முலா லீக்!

மற்ற நாடுகளில் இது வெறும் உடுப்பு இல்லை. தாய்லாந்து அரசவை, தன் டிசைனைக் கொடுத்து இங்கே துணி எழுத வைத்தது. ஜப்பானில் துண்டுத்துணியைக்கூட வீணாக்காமல், தேநீர்ச் சடங்குப் பாத்திரங்களுக்கு உறை தைத்தார்கள். இந்தோனேசியாவின் சுலாவெசி தீவில் தோராஜா மக்கள், இந்தியாவிலிருந்து போன பழந்துணிகளைக் குலச்சொத்தாக வைத்து, சடங்குக்குத்தான் வெளியே எடுப்பார்கள்.

சரி, இங்கே ஏன் மிச்சமில்லை? பெருவின் பாரகாஸ் பாலைவனத்தில், இறந்தவர்களைச் சுற்றிய 2,000 வருடத் துணிகள் நிறம்கூட மங்காமல் கிடைத்திருக்கின்றன. காரணம், வறட்சி. நம்ம ஊர் ஈரத்துக்கும் கரையானுக்கும் எந்தத் துணி தாங்கும்? தவிர, நாம் துணியை உடுத்தித் தேய்ப்போம், பிறகு தூளி கட்டுவோம், கடைசியில் கரித்துணி ஆக்குவோம். அதனால், சோழமண்டலத் துணியைப் பார்க்கணும்னா லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தின் இணையதளத்தைத்தான் திறக்கணும்.

கைவேலை முழுசா அழிஞ்சிடலை. பிச்சாவரத்துக்குத் தெற்கே கடல் சேரும் கொள்ளிடத்தின் கரையோரம், அரியலூர் மாவட்டக் கருப்பூரில் சில குடும்பங்கள் இன்னும் துணியில் எழுதுகின்றன. கோயிலுக்கான தொம்பை, வாசமாலை எல்லாம் அங்கே தயாராகும். 2021-ல் 'கருப்பூர் கலம்காரி'க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வரும் 'கலம்காரி' பெரும்பாலும் ஸ்கிரீன் பிரின்ட்தான். ஆர்டர் போடும் முன், கையால் எழுதியதான்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.