நஞ்சு பற்றிக்கொள்ளும் இடம்

இலங்கை மலையகத்தில் நோர்வூட்டைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் பீலித் தண்ணீரையும் ஓடைநீரையும் நம்பி வாழ்ந்த லயன் குடும்பங்களுக்கு, சளியும் குருதியுமாக மலம் கழியும் வயிற்றுளைவு தலைமுறைகளாக அறிமுகமான நோயாகும். இதற்கு ஒரு முக்கிய காரணமான சிகெல்லா பற்றீரியாவை 1897இல் ஜப்பானிய மருத்துவர் கியோஷி சிகா கண்டறிந்தார். இவ்வினத்தில் மிகக் கொடியதான 'டிசென்டரியே' முதலாம் வகை சுரக்கும் புரதமே சிகா நச்சு எனப்படுகிறது. மாட்டின் குடலில் வாழும் சில இ. கோலை வகைகளும் இதையொத்த நச்சை ஆக்குகின்றன.

இந்நச்சில் கொல்லும் பகுதி ஒன்றும், அதைத் தாங்கி வளையமாக அமைந்த ஐந்து பற்றும் பகுதிகளும் உண்டு. பற்றும் பகுதிகள் தேடுவது கிளைக்கோலிப்பிட்டை, அதாவது கலத்தின் மென்சவ்வில் கொழுப்பு வால் புதைந்திருக்க, வெல்லச் சங்கிலி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூலக்கூறை. அவற்றுள்ளும் இரண்டு கலக்டோசும் ஒரு குளுக்கோசும் கோத்த ஜிபி3 என்பதையே சிகா நச்சு நாடுகிறது. ஒரு பிணைப்பு தனித்து வலுவற்றதாயினும், பல பிணைப்புகள் ஒருங்கே விழும்போது, கொக்கிகள் பல மாட்டிய கொடிபோல நச்சு விடாது பற்றிக்கொள்கிறது.

இதே ஜிபி3 செங்குழியங்களின் மேற்பரப்பிலும் உள்ளது. அங்கு அது பி (P) குருதிக்குழுத் தொகுதியோடு தொடர்புடைய அடையாளமாக அறியப்படுகிறது. ஆயினும் முதிர்ந்த செங்குழியத்தில் புரதத்தை ஆக்கும் இறைபோசோம்கள் இல்லாமையால், நச்சு அங்கே அழிப்பதற்கு ஏதுமில்லை. சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் சுவரிலோ ஜிபி3உம் இறைபோசோம்களும் ஒருங்கே இருப்பதால், உள்ளே நுழையும் நச்சு இறைபோசோமிலிருந்து ஓர் அடினினை வெட்டியெடுத்துப் புரத ஆக்கத்தை நிறுத்திவிடுகிறது. கலங்கள் மடிய, குழாய்களில் குருதி உறைந்து, அவ்விடுக்குகளைக் கடக்கும் செங்குழியங்கள் கிழிபடுகின்றன. குருதிச்சோகையும் சிறுநீரகச் செயலிழப்பும் சேர்ந்து வரும் இந்நிலை சிறுபிள்ளைகளையே அதிகம் தாக்குகிறது.

ஜிபி3 இல்லாதவாறு உருவாக்கப்பட்ட எலிகள் இந்நச்சுக்கு ஆளாகவில்லை என்பது 2006இல் காட்டப்பட்டது. அதற்கு முன், 2000இல், கனடாவின் அல்பேர்ட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெல்லச் சங்கிலிகளைப் பொய்யிலக்காக நீட்டி நச்சை மடக்கும் மூலக்கூறொன்றை வடிவமைத்தனர். எனினும் நோய்க்குறி தெரியும் வேளையில் நச்சு பெரும்பாலும் கலங்களைப் பற்றிவிடுவதால், இவ்வழி இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

வயிற்றுளைவுக்குப் பின் பிள்ளை வெளிறி, சிறுநீர் குறைந்தால், டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை போன்ற இடத்துக்குத் தாமதமின்றிக் கொண்டுசெல்ல வேண்டும். பத்து முதல் நூறு சிகெல்லாக்களே நோய்க்குப் போதுமானவை. ஆகவே ஒவ்வொரு லயனுக்கும் தூய குழாய்நீரும் மலசலகூடமும், ஒவ்வொரு பிள்ளை மடுவத்துக்கும் சவர்க்காரமும் கிடைக்கச் செய்வது சலுகையன்று. நஞ்சு கலத்தை நெருங்குமுன்பே நோயை மறிக்கும், இன்று நம்மிடம் உள்ள மிக உறுதியான மருத்துவம் அதுவே.