நிரப்பி வரும் படிவம்: ஒப்புக்கொள்ளும் முன் ஒருமுறை படியுங்கள்

பழையசீவரத்துக்கு எதிரே, பாலாற்றின் மறுகரையில் அமைந்துள்ளது திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயில். அங்குள்ள 11ஆம் நூற்றாண்டு வீரராசேந்திர சோழன் கல்வெட்டு, 15 படுக்கைகளுடன் இயங்கிய ஆதுலசாலை ஒன்றைக் குறிப்பிடுகிறது. மருத்துவர், பணியாளர், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் ஆகிய விவரங்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. கல்லெழுத்து மாறாமல் நிற்பதே அதன் சிறப்பு. நோயாளியைப் பற்றிய குறிப்பு அவ்வாறு நின்றுவிடலாகாது; உடல்நிலை மாறும்போது அதுவும் மாற வேண்டும்.

இன்று பல மருத்துவமனைகளில் பதிவுப் படிவத்தை வெற்றுத் தாளிலிருந்து எழுதத் தேவையில்லை. முந்தைய வருகையின்போது கணினியில் சேமித்த விவரங்கள், புதிய படிவத்தின் கட்டங்களில் தாமாகவே வந்து அமர்கின்றன. 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் 14 இலக்க ‘ஆபா’ எண்ணை வழங்குகிறது. 2022 அக்டோபர் முதல், இத்திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளின் கியூஆர் குறியீட்டைக் கைபேசியில் வருடி, பெயர், வயது, பாலினம், முகவரி ஆகியவற்றை நோயாளியே இசைவளித்து அனுப்பும் வசதியும் உள்ளது. வரிசையில் நிற்கும் நேரம் குறைகிறது. எழுத்துப் பிழைகளும் குறைகின்றன. ‘ஆபா’ எண் பெறுவது கட்டாயமன்று.

ஆயினும், கணினி பழைய விவரத்தைக் கொண்டுவருமேயன்றி, அது இன்றைக்கும் பொருந்துமா என்று அறியாது. 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் பதிந்த முகவரி திருத்தப்படாவிடில், அம்மாவட்டத்தினருக்கு இன்றும் காஞ்சிபுரம் என்றே வந்து நிற்கும். இதனால் பெரும் தீங்கில்லை. குழந்தையின் பழைய எடை அப்படியே வந்தால் நிலைமை வேறு. குழந்தைகளுக்குப் பல மருந்துகளின் அளவு எடையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது.

ஒவ்வாமைக் கட்டத்திலும் கவனம் தேவை. முன்பு ‘இல்லை’ என்று பதிந்த பின் ஒரு மருந்து ஒவ்வாமற் போயிருக்கலாம். கட்டம் வெறுமையாக இருந்தால் ஒவ்வாமை இல்லை என்று பொருளன்று; எவரும் கேட்கவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

ஒரே பெயருடையோர் பலர் வரும் இடத்தில், ஒருவரின் பதிவு மற்றொருவருக்குத் திறக்கப்படவும் கூடும். எனவேதான் நோயாளியை அடையாளம் காணக் குறைந்தது இரண்டு விவரங்களைச் சரிபார்க்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2007இல் அறிவுறுத்தியது. பெயரையும் பிறந்த தேதியையும் பணியாளர் மீண்டும் மீண்டும் கேட்பது உங்கள் பாதுகாப்புக்கே.

பதிவு முகப்பில் நீங்கள் செய்யத்தக்கவை:

• ‘எல்லாம் சரிதானே?’ என்று கேட்டால் உடனே தலையசைக்காதீர்கள். விவரங்களைப் படித்துக் காட்டுமாறு கேளுங்கள்.
• கைபேசி எண், உடன் இருப்பவர் பெயர், எடை, ஒவ்வாமை, கருவுற்றிருத்தல் ஆகியவற்றை ஒவ்வொரு வருகையிலும் புதிதாகச் சொல்லுங்கள்.
• இப்போது உட்கொள்ளும் மருந்துகளின் அட்டைகளைக் கொண்டுவாருங்கள். நிறுத்திய மருந்தையும், நாட்டு மருந்தையும் மறவாமல் தெரிவியுங்கள்.
• பிழை மூல ஆவணத்தில் இருந்தால் அங்கேயே திருத்துங்கள். இல்லையேல் அடுத்த படிவத்திலும் அதே பிழை தொடரும்.

முதியோருக்கும் எழுதப் படிக்க இயலாதோருக்கும் உடன் வருபவரே கண்ணாக இருக்க வேண்டும். படிவத்தைச் சரிபார்க்கச் செலவிடும் இரண்டு நிமிடம் தாமதமன்று. அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே.